சொந்தமாக ஒரு ஸ்டிக்: முதல் கியூவைத் தேர்ந்தெடுப்பது

பூல் கிளப்புக்குள் நுழைந்ததும் எல்லோரும் செய்கிற முதல் வேலை ஒன்றுதான். சுவரோரம் நிற்கிற ஸ்டிக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து டேபிள் மேல் உருட்டிப் பார்ப்பார்கள். ஒன்று வில் மாதிரி வளைந்திருக்கும். இன்னொன்றில் நுனித்தோலான டிப் தேய்ந்து, அதைத் தாங்குகிற ஃபெரூல் வரைக்கும் இறங்கியிருக்கும். நான்காவதோ ஐந்தாவதோ பரவாயில்லை என்று தோன்றும், அதோடு ஆடப் போவோம். மறுநாள் அதே ஸ்டிக் வேறு யார் கையிலாவது இருக்கும்.

நேற்று விழுந்த பந்து இன்று ஏன் விழவில்லை? கை தவறியதா, கண் தவறியதா, ஸ்டிக் தவறியதா? தினம் ஒரு ஸ்டிக்கோடு ஆடுகிறவருக்கு இந்தக் கேள்விக்குப் பதிலே கிடைக்காது. சொந்தக் கியூ வாங்குங்கள் என்று நான் சொல்வதற்கு இது ஒன்றுதான் காரணம். ஒரே எடை, ஒரே நீளம், ஒரே டிப் என்று ஆறு மாதம் ஆடிவிட்டால், பந்து இடப்பக்கம் போவது உங்கள் முழங்கையால்தான் என்று தெளிவாகத் தெரிந்துவிடும். தெரிந்த தவறைத் திருத்தலாம்.

ஆகவே நாம் காசு கொடுத்து வாங்குவது மாறாத தன்மையை. கியூவில் அதைக் கொடுக்கிற பகுதி முன்பாதி. கடையில் கண்ணை இழுக்கிற பகுதி பின்பாதி. முதல் கியூ வாங்குகிறவர்களில் நான் பார்த்த பலர் காசைப் பின்பாதியில் போட்டுவிட்டு வந்தவர்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். சென்னையில் ஒரு விளையாட்டுப் பொருள் கடையில், பின்பாதியான பட் முழுக்க டிராகன் படம் போட்ட கியூ ஒன்றை ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு வாங்கினேன். வாங்கியது ஆவணி மாதம். ஐப்பசி மழை முடிவதற்குள் முன்பாதியான ஷாஃப்ட் வளைந்துவிட்டது. டிராகன் மட்டும் அப்படியே இருந்தது.

இந்த அத்தியாயத்தை, கையில் பதினைந்தாயிரம் ரூபாய் வைத்திருக்கிற ஒருவருக்காக எழுதுகிறேன். உங்களிடம் எட்டாயிரம் இருந்தாலும் இருபதாயிரம் இருந்தாலும் பார்க்கவேண்டிய வரிசை இதேதான்.

முதலில் பந்தை அளந்து பாருங்கள்

கியூவைப் பார்ப்பதற்கு முன்னால், நீங்கள் எந்த ஆட்டம் ஆடுகிறீர்கள் என்பதில் தெளிவு வேண்டும். நம் ஊரில் இந்தக் குழப்பம் வருவதற்குக் காரணம் உண்டு. ஸ்னூக்கர் பிறந்ததே இந்தியாவில். 1875-ல் ஜபல்பூரில் இருந்த நெவில் சேம்பர்லின் என்ற இளம் ராணுவ அதிகாரி உருவாக்கிய ஆட்டம் அது. அதன் விதிமுறைகள் எழுத்து வடிவம் பெற்றது நம் ஊட்டி கிளப்பில். அதனால் இங்கே கிளப்புகளிலும் கடைகளிலும் ஸ்னூக்கர் பழக்கம்தான் பழையது. "நல்ல ஸ்டிக் வேணும்" என்று பொதுவாகக் கேட்டால், கடைக்காரர் ஸ்னூக்கர் கியூவை எடுத்து நீட்ட வாய்ப்பு உண்டு.

அமெரிக்க பூல் பந்தின் விட்டம் 57.15 மில்லிமீட்டர், அதாவது இரண்டே கால் அங்குலம். எடை 156 முதல் 170 கிராம் வரை. எட்டுப் பந்து, ஒன்பது பந்து ஆட்டங்களில் கோடு போட்டதும் முழு நிறமுமாக எண்ணோடு வருகிற பந்துகள் பெரும்பாலும் இவைதான். ஸ்னூக்கர் பந்து 52.5 மில்லிமீட்டர். ஆங்கிலேய பூல் என்று சிவப்பு மஞ்சள் பந்துகளோடு சிறிய டேபிளில் ஆடுவது இன்னும் சிறியது, 50.8 மில்லிமீட்டர்.

பந்துக்கு ஏற்றபடி கியூவும் மாறும். ஸ்னூக்கர் கியூவின் டிப் 9 முதல் 10 மில்லிமீட்டர். ஷாஃப்ட் பெரும்பாலும் ஆஷ் மரம், ஃபெரூல் பித்தளை. பூல் கியூவின் டிப் 12.5 முதல் 13 மில்லிமீட்டர், ஷாஃப்ட் மேப்பிள் மரம், ஃபெரூல் ஒருவகைக் கெட்டிப் பிளாஸ்டிக். மெல்லிய ஸ்னூக்கர் கியூவை வைத்துக் கனமான பூல் பந்தை நாள் முழுக்க அடித்தால் டிப் விரைவில் தட்டையாகிப் பிதுங்கும். ஆட்டத்தைத் தொடங்குகிற பிரேக்கை அடித்தால் ஃபெரூலுக்கும் ஆபத்து. பெரிய பந்தில் ஆடுகிறவர் பூல் கியூவும், சிறிய பந்தில் ஆடுகிறவர் ஸ்னூக்கர் கியூவும் வாங்குவது நல்லது. இரண்டுக்கும் பொதுவாக ஒன்று என்று கடையில் யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், வாங்க வேண்டாம். இனி நான் சொல்வதெல்லாம் பெரிய பந்துக்கான கியூவைப் பற்றி.

ஷாஃப்ட்: காசு போகவேண்டிய இடம்

கியூ இரண்டு துண்டு. கையில் பிடிக்கிற தடித்த பகுதி பட், முன்னால் நீள்கிற மெல்லிய பகுதி ஷாஃப்ட். ஷாஃப்டின் நுனியில் வெள்ளையாகத் தெரிகிற குழாய் ஃபெரூல். அதன் தலையில் ஒட்டியிருக்கிற தோல்தான் டிப். இரண்டு துண்டும் திருகிச் சேருகிற இடம் ஜாயின்ட்.

ஷாஃப்டுக்கு உலகம் முழுக்க நம்பிப் பயன்படுத்துகிற மரம் கெட்டி மேப்பிள். வட அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளில் வளர்வது. குளிரில் மெதுவாக வளர்கிற மரத்துக்கு வளையங்கள் நெருக்கமாக விழும். தேக்கு வாங்கும்போது வைரம் பாய்ந்த கட்டையாகத் தேடுவோம் அல்லவா, மேப்பிளில் கதை வேறு. ஷாஃப்டுக்கு வேண்டியது வைரத்துக்கு வெளியே இருக்கிற வெண்பகுதி.

மரத்தின் ரேகையைப் பாருங்கள். ஃபெரூலுக்குக் கீழே தொடங்கி ஜாயின்ட் வரைக்கும் ரேகைகள் ஷாஃப்டோடு இணையாக ஓட வேண்டும். பாதியில் சாய்ந்து பக்கவாட்டில் ஓடி முடிந்துவிட்டால், அந்த மரம் குறுக்கே அறுபட்டிருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட ஷாஃப்ட் நாளைக்கு எந்தப் பக்கம் வளையும் என்று யாராலும் சொல்ல முடியாது. ரேகைகள் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நல்லது. ஆனாலும் நெருக்கத்தைவிட நேர் ஓட்டம்தான் எனக்கு முக்கியம்.

சில ஷாஃப்டுகளில் பழுப்பு நிறத்தில் சின்னச் சின்னக் கோடுகளும் புள்ளிகளும் தெரியும். மேப்பிளில் இயற்கையாக வருகிற அடையாளங்கள் அவை. பால் போல் வெளுத்த ஷாஃப்டுக்கு விலை கூடுதல், கோடு விழுந்ததற்குக் குறைவு. ஆட்டத்தில் எந்த வித்தியாசமும் கிடையாது. கையில் அளவான காசு வைத்திருக்கிறவர் கோடு விழுந்த ஷாஃப்டைத் தயங்காமல் எடுக்கலாம். அழகுக்குக் கொடுக்கவேண்டிய காசு அங்கே மிச்சம்.

மரம் உயிர் போன பிறகும் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிப்பதும் விடுவதுமாகத்தான் இருக்கும். ஒரு பக்கம் கூடுதலாகக் குடித்தால் அந்தப் பக்கம் உப்பி மொத்தமும் வளையும். அக்கறையுள்ள பட்டறைகளில் ஷாஃப்டை ஒரே மூச்சில் கடைய மாட்டார்கள். கொஞ்சம் கடைவார்கள், மரத்தை ஆறப் போடுவார்கள், அது திரும்பி நின்றதும் மறுபடி கொஞ்சம் கடைவார்கள். இப்படியே மாதக்கணக்கில் போகும். வளைய விரும்புகிற மரம் இந்த இடைவெளியிலேயே வளைந்து காட்டிவிடும், அதை ஒதுக்கிவிடலாம். மலிவான கியூவில் வெட்டுப்படுவது இந்தப் பொறுமைதான். என் டிராகன் கியூவில் நடந்ததும் அதுவாகத்தான் இருக்க வேண்டும். கடையின் ஏசி அறையில் நேராக நின்றது, கடற்காற்றில் உண்மையைச் சொல்லிவிட்டது.

ஷாஃப்ட் நுனியிலிருந்து ஜாயின்டை நோக்கித் தடிக்கிற விதத்துக்கு டேப்பர் என்று பெயர். முன்பகுதியில் பத்துப் பன்னிரண்டு அங்குலம் ஒரே தடிமனாக ஓடிவிட்டுப் பிறகு தடிப்பதை புரோ டேப்பர் என்பார்கள். நுனியிலிருந்தே சீராகத் தடித்துக்கொண்டு போவது கூம்பு டேப்பர். விரலை வளையமாக மூடிப் பிடிக்கிறவருக்கு முதல் வகை வழுக்கிக்கொண்டு போகும். திறந்த விரல் மேல் வைத்து ஆடுகிறவருக்கு எதுவானாலும் சரி.

டிப்: சில நூறு ரூபாயில் மாறுகிற ஆட்டம்

பந்தைத் தொடுகிற ஒரே பொருள் டிப். அது பந்தோடு இருக்கிற நேரம் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான். அதற்குள் எல்லாம் முடிவாகிவிடுகிறது.

கியூவின் நுனியில் தோல் வைக்கலாம் என்று கண்டவர் பிரான்சுவா மேங்கோ என்ற பிரெஞ்சு ராணுவ அதிகாரி என்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்தது. அதற்கு முன்பு மொட்டை மரத்தால் பந்தை இடித்துக்கொண்டிருந்தார்கள், பக்கவாட்டுச் சுழற்சிக்கு வழியே இல்லை. பிறகு 1897-ல் அமெரிக்காவில் வில்லியம் ஸ்பிங்க்ஸும் வில்லியம் ஹாஸ்கின்ஸும் இன்றைக்கு நாம் தேய்க்கிற சாக்குக்குக் காப்புரிமை பெற்றார்கள். பள்ளிக்கூடத்துச் சாக்பீஸுக்கும் இதற்கும் பெயரில் மட்டும்தான் உறவு. இதில் இருப்பது சிலிக்காவும் குருந்தக்கல் தூளும். உரசலைக் கூட்டுவதுதான் அதன் வேலை.

மலிவுக் கியூவோடு வருகிற டிப் பெரும்பாலும் மோசமாகவே இருக்கும். அது ஒரு குறையே இல்லை, மாற்றிக்கொள்ளலாம். எல்க் மாஸ்டர், லே புரொஃபெஷனல் போன்ற ஒற்றைத் தோல் டிப்புகள் விலை குறைந்தவை. எல்க் மாஸ்டர் மென்மை, லே புரொஃபெஷனல் கெட்டி. கமுய், மூரி போன்ற ஜப்பானிய டிப்புகள் மெல்லிய தோல்களை அடுக்கடுக்காக ஒட்டிச் செய்தவை. உருக்குலையாமல் நெடுநாள் நிற்கும், விலை பல மடங்கு. முதல் கியூவுக்கு அடுக்கு டிப் தேவையில்லை. நடுத்தரக் கெட்டியில் ஒற்றைத் தோல் போதும். அதை ஒட்டுகிற கைதான் முக்கியம். உங்கள் ஊர் கிளப்பில் எல்லோருக்கும் டிப் ஒட்டிக் கொடுக்கிற ஒருவர் நிச்சயம் இருப்பார். கியூ வாங்குவதற்கு முன்பே அவரோடு பழகிக்கொள்ளுங்கள்.

டிப்பின் தலை உருண்டையாக இருக்க வேண்டும், தட்டையாக இருந்தால் ஓரத்தில் அடிக்கும்போது வழுக்கும். அமெரிக்காவில் ஐந்து சென்ட் நாணயத்தின் வளைவு என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்த நாணயத்தின் விட்டம் 21.2 மில்லிமீட்டர். நம்மிடம் புழங்குகிற சின்ன ஒரு ரூபாய் நாணயம் ஏறக்குறைய அதே அளவு. அதை டிப்புக்குப் பக்கத்தில் நிறுத்தி வளைவை ஒப்பிட்டுப் பாருங்கள்.

டிப் சிறியதாக இருந்தால் சுழற்சி கூடும் என்று ஒரு நம்பிக்கை பலரிடம் இருக்கிறது. சுழற்சியைத் தீர்மானிப்பது வெள்ளைப்பந்தின் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளித் தொடுகிறீர்கள் என்பது. ஏறக்குறைய ஆரத்தில் பாதி, அதாவது பதினான்கு மில்லிமீட்டருக்கு மேல் தள்ளினால் எந்த டிப்பும் வழுக்கும். 13 மில்லிமீட்டரிலேயே தொடங்குங்கள். அந்த அகலம் புதிய கையின் சின்னத் தடுமாற்றங்களைப் பொறுத்துக்கொள்ளும்.

ஜாயின்ட்: நாளைக்கு யோசித்து வாங்குவது

ஜாயின்டில் இரும்பு வளையமா, பிளாஸ்டிக்கா, மரத்தோடு மரமா என்று கிளப்பில் மணிக்கணக்கில் வாதாடுவார்கள். அடிக்கும்போது வருகிற சத்தத்திலும் எடை நிற்கிற இடத்திலும் வித்தியாசம் தெரியும். பந்து விழுவதற்கும் அதற்கும் தொடர்பில்லை என்பதுதான் என் எண்ணம்.

கவனிக்கவேண்டியது திருகின் அளவு. 5/16-18, 5/16-14, 3/8-10, ரேடியல், யூனி-லாக் என்று பல வகை உண்டு. எண்களில் முன்னது திருகின் தடிமன், பின்னது ஓர் அங்குலத்துக்கு எத்தனை மரை என்ற கணக்கு. ஒரு வகைக்குச் செய்த ஷாஃப்ட் இன்னொரு வகையில் ஏறாது. 5/16-18-ம் 5/16-14-ம் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். ஏமாந்து மாற்றித் திருகினால் மரை போய்விடும்.

இது ஏன் முக்கியம்? இரண்டு வருஷம் கழித்து உங்கள் ஆட்டம் ஏறும். அப்போது இன்னும் நல்ல ஷாஃப்ட் வேண்டும் என்று தோன்றும். பரவலாகப் புழங்குகிற திருகாக இருந்தால் பட்டை வைத்துக்கொண்டு ஷாஃப்டை மட்டும் வாங்கலாம். ஒரு கம்பெனிக்கு மட்டும் சொந்தமான திருகாக இருந்தாலோ, பெயரே இல்லாத கியூவாக இருந்தாலோ, மொத்தக் கியூவையும் மறுபடி வாங்கவேண்டி வரும். கடைக்காரரிடம் "இது என்ன த்ரெட்?" என்று கேளுங்கள். அவருக்குத் தெரியவில்லை என்றால் பெட்டியிலோ தயாரிப்பாளர் விவரத்திலோ தேடுங்கள். அங்கேயும் இல்லை என்றால் வேறு கியூவைப் பாருங்கள்.

எடையும் நீளமும்

நீளம் 58 அங்குலம், 147 சென்டிமீட்டர். ஆறடிக்கு மிக மேலே வளர்ந்தவர் தவிர வேறு யாரும் இதைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

எடை அவுன்ஸில் சொல்லப்படும். பூல் கியூக்கள் பெரும்பாலும் 18 முதல் 21 அவுன்ஸ், நம் கணக்கில் 510 முதல் 595 கிராம். 19 அவுன்ஸில் தொடங்குங்கள், 539 கிராம். எடையைத் தேர்வதில் பலர் பயப்படுகிறார்கள், அவ்வளவு பயம் தேவையில்லை. பல கியூக்களில் அடியில் இருக்கிற ரப்பர் மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு எடை போல்ட் இருக்கும். நீளமான ஆலன் கீயால் அதைக் கழற்றி வேறு எடையில் போட்டுக்கொள்ளலாம். வாங்கும்போதே இந்த வசதி இருக்கிறதா என்று கேட்டுவையுங்கள்.

எடையைவிட அது நிற்கிற இடம்தான் கைக்குத் தெரியும். கியூவை ஒற்றை விரலில் சமமாக நிறுத்திப் பாருங்கள். அடியிலிருந்து 18, 19 அங்குலம் அளவில் நின்றால் வழக்கமான சமநிலை.

பட்டின் பிடியைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊர் வேர்வைக்கு வெறும் பாலிஷ் போட்ட பிடி ஒட்டும். நூல் சுற்றியது வேர்வையை உறிஞ்சும், ஆனால் அழுக்கேறும். நான் நூலைத்தான் விரும்புகிறேன்.

கார்பனும் குறைந்த விலகலும்

கடையில் இந்த இரண்டு சொற்கள் கட்டாயம் காதில் விழும். அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன்.

வெள்ளைப்பந்தின் நடுவில் அடிக்காமல் வலப்பக்கம் தள்ளி அடித்தால், பந்து கியூ காட்டிய திசையில் போகாமல் சற்று இடப்பக்கம் விலகித் தொடங்கும். இதுதான் டிஃப்ளெக்‌ஷன். ஷாஃப்டின் கடைசி சில அங்குலங்கள் எவ்வளவு கனமோ அவ்வளவு விலகல். நுனியைத் துளைத்து, ஃபெரூலைக் குறைத்து, எடையைக் களைந்தால் விலகல் குறையும். 1990-களில் அமெரிக்காவில் பிரிடேட்டர் நிறுவனம், மாறாமல் அடிக்கிற ஓர் இயந்திரக் கையை வைத்துச் சோதித்து இதை வணிகமாக்கியது. அதே நிறுவனம் பிறகு கார்பன் ஃபைபர் ஷாஃப்டைக் கொண்டுவந்தது. இன்று பெரிய போட்டிகளில் கறுப்பு ஷாஃப்டுகள் நிறையத் தெரிகின்றன.

கார்பன் வளையாது, ஈரம் குடிக்காது, ஈரத்துணியால் துடைத்தால் போதும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்க்காரருக்கு இது உண்மையான நன்மை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெயர்பெற்ற கம்பெனியின் கார்பன் ஷாஃப்ட் ஒன்றின் விலைக்கு இரண்டு மூன்று நல்ல முதல் கியூ வாங்கலாம். அந்த விலையில் கால்பங்குக்குக் கிடைக்கிற பெயர் தெரியாத கறுப்புக் குழாயின் உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்க்க முடியாது. மரத்தில் ரேகை பார்க்கலாம், கார்பனில் பெயிண்டைத்தான் பார்க்க முடியும்.

குறைந்த விலகல் ஷாஃப்டும் இப்போது அவசரமில்லை. விலகல் கூடுதலா குறைவா என்பதைவிட, அது தினமும் ஒரே அளவாக இருப்பதுதான் பயிற்சிக்கு வேண்டும். முதல் வருஷம் முழுக்க வெள்ளைப்பந்தின் நடுக்கோட்டிலேயே அடித்துப் பழகவேண்டியவருக்கு இந்த விலகல் குறுக்கே வரப்போவதே இல்லை. ஜாயின்ட் திருகைச் சரியாகப் பார்த்து வாங்கியிருந்தால், தேவை வரும் நாளில் ஷாஃப்டை மட்டும் மாற்றிக்கொள்வீர்கள்.

பட்டின் அலங்காரம்

பட்டில் கூர்கூராக ஏறுகிற மர வேலைப்பாடுகள் ஒரு பெரிய கலை. அந்தக் கலையில் ஜார்ஜ் பலாபுஷ்கா பெரிய பெயர். நியூயார்க்கில் வேலை செய்து 1975-ல் காலமானவர். அவர் கை பட்ட கியூக்களைச் சேகரிப்பவர்கள் இன்றும் பெரும் விலை கொடுக்கிறார்கள். 1986-ல் வந்த 'தி கலர் ஆஃப் மணி' படத்தில் பால் நியூமன் டாம் குரூஸுக்குக் கொடுக்கிற கியூவும் பலாபுஷ்கா என்றுதான் கதையில் வரும். உண்மையில் படப்பிடிப்பில் பயன்படுத்தியது ஜாஸ் நிறுவனம் அதே சாயலில் செய்த கியூ. அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. பந்துக்கும் தெரிந்திருக்காது.

உங்கள் விலையில் வருகிற கியூக்களில் பட்டின் வேலைப்பாடு பெரும்பாலும் மரம் இழைத்ததாக இருக்காது, ஒட்டுப்படத்தின் மேல் வார்னிஷாக இருக்கும். அதில் தவறில்லை, அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். ஒரே வரிசையில் ஒரே ஷாஃப்ட், ஒரே டிப், ஒரே ஜாயின்டோடு ஐந்தாறு டிசைன் இருக்கும், விலை மட்டும் ஏறிக்கொண்டே போகும். அந்த வரிசையில் மிக எளிமையான டிசைனைத் தேடுங்கள். பிளேயர்ஸ், மெக்டெர்மட் போன்ற அமெரிக்கப் பெயர்களில் தொடக்கக்காரருக்கான எளிய வரிசைகள் உண்டு. இந்த விலையில் வருகிற கியூக்களில் நிறைய, மேலே யார் பெயர் இருந்தாலும், சீனாவில் செய்யப்படுபவை. அதற்காக ஒதுக்கவேண்டியதில்லை. தரம் பார்த்து அனுப்புகிற கம்பெனியா என்பதே கேள்வி.

பெரிய பெயர்களுக்குப் போலிகளும் உண்டு. நாற்பதாயிரம் ரூபாய்க் கியூ ஒன்பதாயிரத்துக்கு வருகிறது என்றால் அது நாற்பதாயிரம் ரூபாய்க் கியூ இல்லை. வாழ்நாள் உத்தரவாதத்தையும் அளந்து எடைபோடுங்கள். ஷாஃப்ட் வளைந்தால் மாற்றித் தருவோம் என்று சில கம்பெனிகள் சொல்வது உண்மைதான். ஆனால் மதுரையிலிருந்து அமெரிக்காவுக்கு ஷாஃப்டை அனுப்பி வாங்குகிற செலவில் புது ஷாஃப்டே வந்துவிடலாம். பக்கத்து ஊரில் இருந்துகொண்டு "ஏழு நாளில் பழுது தெரிந்தால் கொண்டு வாங்க" என்கிற கடைக்காரரின் வாக்குக்கு நான் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன்.

கடையில் செய்து பார்க்கவேண்டியவை

கியூவைக் கழற்றுங்கள். ஷாஃப்டை மட்டும் தட்டையான டேபிளில் உருட்டுங்கள். ஷாஃப்டுக்கும் டேபிளுக்கும் நடுவே தெரிகிற வெளிச்சக் கீற்றில் கண்ணை வையுங்கள். கீற்று அசையாமல் இருந்தால் ஷாஃப்ட் நேர். விரிந்து சுருங்கி விரிந்து சுருங்கி வந்தால் வளைவு. பட்டையும் தனியாக அப்படியே உருட்டுங்கள். பிறகு சேர்த்துத் திருகி உருட்டுங்கள். தனித்தனியே நேராக இருந்து, சேர்த்தபின் ஆடினால் கோளாறு ஜாயின்டில், அதைத் தொடாதீர்கள். உருட்டுவதோடு நிறுத்தாமல், தச்சர் பலகையைப் பார்ப்பது போல ஒரு கண்ணை மூடி, பட்டின் பக்கமிருந்து நுனி வரை பாருங்கள். நாலு பக்கமும் திருப்பிப் பாருங்கள். என் அனுபவத்தில் கண் சொல்வதுதான் கடைசித் தீர்ப்பு.

ஜாயின்டைத் திருகியபின் இரண்டு முகங்களுக்கும் இடையே நகம் நுழையக்கூடாது. அடுத்து, கியூவைச் செங்குத்தாகப் பிடித்து ரப்பர் அடிப்பாகத்தைத் தரையில் மெதுவாகத் தட்டுங்கள். திண்ணென்று ஒற்றைச் சத்தம் வந்தால் நல்லது. உள்ளே ஏதோ அதிர்கிற மாதிரி 'ர்ர்' என்று வந்தால் எடை போல்ட்டோ திருகோ தளர்ந்திருக்கிறது. போல்ட் என்றால் முடுக்கிவிடலாம், திருகு என்றால் வேண்டாம்.

பழைய கியூ வாங்குவது குறைந்த காசுக்கு மிக நல்ல வழி. கிளப்பில் நன்றாக ஆடுகிற யாராவது மேலான கியூவுக்கு மாறும்போது பழையது பாதி விலைக்குக் கிடைக்கும். அது ஒரு பருவமழையையாவது தாண்டி நேராக நிற்கிறது என்பதே பெரிய சான்றிதழ், புதுக் கியூவால் தர முடியாத ஒன்று. போகும்போது வெர்னியர் காலிபர் ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள். 13 மில்லிமீட்டர் என்று சொல்லும் ஷாஃப்ட் 12.2 காட்டினால், வழவழப்புக்காக உப்புத்தாள் போட்டுத் தேய்த்தே தீர்த்திருக்கிறார்கள். ஃபெரூலில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சுழற்றிப் பாருங்கள், சாக் தூள் விரிசலுக்குள் ஏறி நீலக்கோடாகக் காட்டிக்கொடுத்துவிடும். ஷாஃப்டில் சின்னப் பள்ளங்கள் இருந்தால் பரவாயில்லை. ஈரத்துணியை அந்த இடத்தில் மட்டும் வைத்துச் சூடு காட்டினால் பெரும்பாலும் மரம் எழும்பிவிடும்.

ஒருமுறை ஒரு கல்லூரிப் பையன் என்னைக் கூட அழைத்துக்கொண்டு பழைய கியூ பார்க்கப் போனான். விற்கிறவரே அதை உருட்டிக் காட்டினார், நேராக ஓடியது. "தம்பி, கழட்டி உருட்டு" என்றேன். ஷாஃப்ட் தனியாக ஆடியது, பட்டும் ஆடியது. இரண்டு வளைவும் எதிரெதிராக நின்று ஒன்றை ஒன்று மறைத்திருந்தன. விற்றவருக்கே அது தெரியாது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

பதினைந்தாயிரத்தைப் பிரிப்பது

நான் பிரித்துக் கொடுப்பதாக இருந்தால் கியூவுக்குப் பதினோராயிரம். உறை அல்லது குழாய்ப் பெட்டிக்கு இரண்டாயிரம். இதில் கஞ்சத்தனம் வேண்டாம், பைக்கில் போகிறவருக்குத் துணி உறை போதாது. புது டிப்புக்கும் ஒட்டுகிற கூலிக்கும் எழுநூறு. சாக், டிப்பை உருண்டையாக்குகிற ஷேப்பர், மைக்ரோஃபைபர் துணி, மூன்று விரல் கையுறை ஆகியவற்றுக்கு மிச்சம். கையுறையை ஆடம்பரம் என்று நினைக்காதீர்கள். கைக்குப் பவுடர் போட்டு ஆடுகிற பழக்கம் கிளப்பின் துணியையும் கெடுக்கும், ஷாஃப்டில் பசை மாதிரியும் சேரும். உங்கள் ஊர் விலை வேறாக இருக்கலாம். கியூவுக்கு முக்கால் பங்கு, மற்றதற்குக் கால் பங்கு என்ற அளவு மட்டும் நினைவிருந்தால் போதும்.

பிரேக் அடிக்கத் தனிக் கியூ இப்போது வேண்டாம், புதுக் கியூவாலும் அடிக்க வேண்டாம். முழு வேகத்தில் பதினைந்து பந்துகளை இடிப்பது டிப்பைப் பிதுக்கிவிடும். அதற்குக் கிளப் ஸ்டிக் இருக்கவே இருக்கிறது.

வீட்டில் கியூவைச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். கழற்றிப் பெட்டியில் போட்டு, பெட்டியை நேராக நிறுத்துங்கள் அல்லது படுக்க வையுங்கள். வெயிலில் நிற்கிற காருக்குள் ஒரு மதியம் கூட விட்டுவைக்காதீர்கள்.

வாங்கிய முதல் வாரம் இதைச் செய்யுங்கள். காலியான டேபிளில், பிரேக் அடிக்கிற பக்கத்து நடுப்புள்ளியில் வெள்ளைப்பந்தை வையுங்கள். எதிர்க் குஷனின் நடுவைக் குறிவைத்து நேராக அடியுங்கள். அடித்தபின் கியூவை அசைக்காமல் அப்படியே நிறுத்துங்கள். பந்து போய்த் திரும்பி வந்து டிப்பைத் தொட வேண்டும். ஒரு நாளைக்கு இருபது முறை அடித்து, எத்தனை முறை இடப்பக்கம், எத்தனை முறை வலப்பக்கம் என்று ஒரு தாளில் குறியுங்கள். டேபிளே சாய்ந்திருக்கலாம் என்பதால் பாதியை எதிர்ப்பக்கத்திலிருந்து அடியுங்கள். ஏழாவது நாள் தாளைப் பார்த்துவிட்டு, கியூவைக் கழற்றி ஷாஃப்டை மறுபடி உருட்டுங்கள். வெளிச்சக் கீற்று முதல் நாள் மாதிரியே அசையாமல் இருந்தால் ரசீதை உள்ளே வைத்துவிட்டு அடுத்த வாரத்துக்குப் புதுத் தாள் எடுங்கள். அசைந்தால் அன்றைக்கே கடைக்குப் போங்கள்.